ஜெயராஜ் பேருக்கு மூன்று கடிதங்கள்

வெள்ளிக்கிழமை காலையில் காரின் டேஷ்போர்டு மேல் வைத்த எலுமிச்சம்பழம், சனிக்கிழமை காலையில் வெந்து கிடந்தது.

வாடிக் கிடந்திருந்தால் பிரமிளா கண்டுகொண்டிருக்க மாட்டாள். பினாங்கு வெயிலில் மூடிய காருக்குள் எது இருந்தாலும் வாடத்தான் செய்யும். இது வாடல் இல்லை. தோல் பழுப்பேறியிருந்தது, டேஷ்போர்டைத் தொட்டுக்கொண்டிருந்த பக்கம் மட்டும் கருகியிருந்தது. விரலால் அழுத்தினாள். வெந்த தக்காளி போலக் குழைந்து சாறு கையில் வழிந்தது. சாறு சுட்டது.

மணி ஏழரைதான். ராத்திரி முழுக்க ஆயர் ஈத்தாமில் விடாத மழை. அடுக்குமாடியின் நிழலில் நிற்கும் அந்தக் காருக்கு ஒன்பது மணிக்கு மேல்தான் வெயில் எட்டிப் பார்க்கும். பக்கத்துக் கார்களின் போனட்டில் எல்லாம் மழைத்துளிகள் நின்றன. அவளுடைய காரின் போனட் மட்டும் துணியால் துடைத்துவிட்டது போலக் காய்ந்திருந்தது. உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி மாதிரி வெதுவெதுவென்று இருந்தது.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் மைக்ராஸ்கோப்பில் கண்ணைப் பதித்து, மின்பலகைகளில் கருகிய இணைப்பைத் தேடிப் பிடிப்பதுதான் பதினான்கு வருடமாக அவளுக்குச் சோறு போடுகிற வேலை. எது சூட்டில் கருகியது, எது வெயிலில் வெளுத்தது என்று அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் கையில் அந்தச் சூடான சாற்றோடு நின்றபோது அவள் மனம் வயரைப் பற்றி யோசிக்கவில்லை. ஜெயராஜைப் பற்றித்தான் யோசித்தது.

ஜெயராஜ் அவள் புருஷன். எட்டு மாதத்துக்கு முன்னால் இதே காரில், இதே இடத்தில், ஓட்டுகிற இருக்கையில் உட்கார்ந்தபடியே செத்துப்போனவன்.

அன்றும் காலை நேரம்தான். மகள் துளசியைப் பள்ளியில் விட்டுவிட்டு அவளைத் தொழிற்சாலையில் இறக்குவதற்காக, அவன் முன்னதாகவே கீழே இறங்கிப் போய் காரைக் கிளப்பி வைத்திருந்தான். மூன்றாம் மாடியில் துளசி பால் குடித்துக்கொண்டிருக்க, பிரமிளா தலை வாரிக்கொண்டிருந்தாள். ஹார்ன் கேட்டது. இரண்டு முறை சின்னதாக, ஒரு முறை நீளமாக. அவன் எப்போதும் கூப்பிடுகிற விதம்தான். அவளுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. சமையலறை ஜன்னலைத் திறந்து, “வர்றேன், கத்தாதீங்க!” என்று கீழே பார்த்துக் கத்தினாள். அதோடு விட்டாளா? காத்திருக்கட்டும் என்று வேண்டுமென்றே கொண்டையைப் பிரித்து மறுபடியும் போட்டாள். பதினொரு நிமிடம். அவள் கீழே போனபோது அவன் ஸ்டியரிங்கின் மேல் நெஞ்சைச் சாய்த்துக் கிடந்தான். கடைசி ஹார்ன் வழக்கத்தைவிடக் கொஞ்சம் நீண்டுதான் ஒலித்தது என்பது அதற்கப்புறம்தான் அவளுக்கு உறைத்தது.

மாரடைப்பு என்றார் டாக்டர். பதினொரு நிமிடத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.

காரை விற்றுவிடு என்று சொல்லாதவர்கள் இல்லை. விற்க மனசு வரவில்லை என்று எல்லோரிடமும் சொல்லிவைத்தாள். அது பாதி உண்மை. விற்றால் தப்பித்து ஓடிய மாதிரி ஆகிவிடும் என்று பயந்தாள், அது மீதி உண்மை. ஜெயராஜ் ஆறடி, இருக்கையைக் கடைசிவரை பின்னால் தள்ளித்தான் உட்காருவான். அவளுக்கோ கால் எட்டவில்லை. கீழே இருக்கும் தண்டவாளம் துருவேறிப் போயிருந்ததால் கார் பழுதுபார்க்கும் ஃபோர்மன் பெர்னார்ட் வந்து எண்ணெய் விட்டு, சுத்தியலால் தட்டித் தட்டித்தான் அதை முன்னால் கொண்டுவந்தார். “இனிமே இது எந்தப் பக்கமும் அசையாது, தங்கச்சி” என்றார். அசையவும் இல்லை. தைப்பூசத்துக்குத் தைப்பூசம் தண்ணீர்மலை முருகன் கோயில் அடிவாரத்தில் காருக்குப் பூஜை போட்டு நாலு டயருக்கும் எலுமிச்சை நசுக்குவது ஜெயராஜின் வழக்கம். அவன் போன பிறகு அவள் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பழத்தை டேஷ்போர்டில் வைத்து வந்தாள்.

மூன்று வாரமாகத்தான் கார் சரியில்லை. முதலில் உள்விளக்கு. கீழ்வீட்டு ஹபீபா பீவி ஒருநாள் மாடிப்படியில் நிறுத்தி, “ஒங்க காடிக்குள்ள லைட்டு எரியுதும்மா, யாரோ ஒக்காந்திருக்காப்ல இருக்கு” என்றார். போய்ப் பார்த்தால் யாருமில்லை. சாவி அவள் கைப்பையில் இருந்தது. இன்னொரு நாள், அணைத்துவிட்டு இறங்கிய காருக்குள் ஏசியின் காற்றாடி தானாக ஓடியது, தூங்குகிறவன் மூச்சு விடுவது போல ஒரே சீராக. அதன்பின் கதவுப் பூட்டுகள் நாலும் ஒன்றாக டக்கென்று விழுந்து, டக்கென்று எழும்பின. கடைசியாக வாடை. காலையில் கதவைத் திறந்ததும் முதலில் பிளாஸ்டிக் கருகுகிற நெடி மூக்கில் ஏறும். அது அடங்கியதும் அதற்கடியிலிருந்து மெல்ல, ஜெயராஜ் ராத்திரி நெற்றியில் தேய்த்துக்கொள்ளும் தைலத்தின் வாசம் வரும். அது தன் மனப்பிரமை என்றே பிரமிளா நம்பிக்கொண்டிருந்தாள். போன செவ்வாய்க்கிழமை, பக்கத்து இருக்கையில் பெல்ட்டை மாட்டிக்கொண்டே துளசி சொன்னாள்:

“அப்பா வாசம் வருதும்மா.”

பிரமிளா சாவியைத் திருகாமல் நிறுத்தினாள். ஒன்பது வயதுப் பிள்ளையிடம் என்ன சொல்வது? “ஒண்ணும் வரல. ஜன்னலத் தெற” என்றாள்.

வெந்த பழத்தைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு அவள் பெர்னார்டுக்கு ஃபோன் அடித்தாள். மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு வந்தார். போனட்டைத் திறந்து, டேஷ்போர்டுக்குக் கீழே தலையை விட்டு, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் தேடினார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியது.

“வயரிங் கோளாறுதான்லா. பதினேழு வருஷத்துக் காடி. உள்ளுக்குள்ள எங்கியோ வயரு ஒராஞ்சி கரண்டு ஓடுது. சாவிய எடுத்தாலும் ஓடுது.”

“எந்த எடம்ணே?”

“அது தெரிஞ்சா நான் ஏன் இப்படி வேர்த்து ஊத்தறேன்?” முகத்தைத் துடைத்துக்கொண்டார். “ஒண்ணு கேக்கணும். இந்த மாடலுக்கு ரீகால் வந்திருக்குன்னு கேள்விப்பட்டேன். கம்பெனியே காடியத் திருப்பிக் கூப்பிட்டு, கெட்ட சாமான மாத்திக் குடுப்பாங்க. ஒங்களுக்கு லெட்டர் வரலியா?”

“ஒண்ணும் வரலியே.”

“காடி யாரு பேர்ல பதிஞ்சிருக்கு?”

“அவரு பேர்லதான். வருஷம் முடியட்டும், அப்பறம் மாத்தலாம்னு விட்டுட்டோம்.”

“எந்த அட்ரஸ்?”

கல்யாணத்துக்கு முன்னால் வாங்கிய கார் அது. அப்போது ஜெயராஜ் தன் அக்காள் வீட்டில் இருந்தான், புக்கிட் மெர்தாஜாமில். அந்த முகவரியை அவன் மாற்றியதே இல்லை.

திங்கட்கிழமைதான் எதையும் செய்ய முடியும் என்றார் பெர்னார்ட். அதுவரை வம்பு வேண்டாம் என்று பேட்டரியின் இரண்டு முனைகளையும் கழற்றி, பேட்டரியையே தூக்கி வெளியே வைத்தார். சாவியைப் போட்டுத் திருகிக் காட்டினார். ஒன்றுமில்லை. ஹார்னை உள்ளங்கையால் அழுத்திக் காட்டினார். ஒன்றுமில்லை.

“பாத்தீங்களா? இப்ப இது வெறும் தகரம். பேட்டரி இல்லாத காடி செத்த பொண...” என்று ஆரம்பித்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த துளசி எழுந்து வந்தாள். “அப்ப உள்ள லைட்டு எரியாதா அங்கிள்?”

“எரியாதும்மா.”

“ராத்திரி ஆனா?”

“அப்பவும் எரியாது.”

அவள் காரை ஒருமுறை பார்த்தாள்.

கீழே வைத்தால் பேட்டரியை யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று பெர்னார்டே அதை மூன்றாம் மாடிவரை சுமந்துவந்து, சமையலறைத் தரையில் பழைய பேப்பரை விரித்து வைத்துவிட்டுப் போனார். அன்றைக்குத்தான் பிரமிளா நிம்மதியாக ஒரு குவளை தேநீர் குடித்தாள்.

மழை மறுபடி பிடித்துக்கொண்டது. ஏழு மணி இருக்கும். துளசி ஹாலில் டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். பிரமிளா சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு புக்கிட் மெர்தாஜாமில் இருக்கும் நாத்தனார் ஜெயலெட்சுமியை ஃபோனில் கூப்பிட்டாள். கேள்வியை முடிக்கும் முன்பே பதில் வந்தது.

“வந்திருக்கு பிரமி. மூணு வந்திருக்கு. மொத லெட்டரு கருமாதி முடிஞ்ச மறுநாளே வந்துச்சு.”

“ஏன் அண்ணி எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?”

“அவன் பேருக்கு வந்தத நாம எப்படிம்மா பிரிக்கிறது? எங்கப்பா போனப்பவும் இப்படித்தான் செஞ்சோம். எல்லாம் படத்துக்கு முன்னாடி இருக்கட்டும், திவசத்தன்னிக்கு அவனுக்குக் காட்டிட்டு அப்பறம் பிரிப்போம்னு வச்சிருக்கேன். நான் கைகூட வைக்கல. தெனம் பூ மட்டும் மாத்தறேன்.”

அந்தக் குரலில் இருந்த பெருமையைக் கேட்டு பிரமிளாவுக்குத் திட்டவும் வாய் வரவில்லை. தம்பிமேல் உயிரையே வைத்திருந்தவள். மூன்று உறைகளையும் மஞ்சள் தண்ணீர் தெளித்து, ஓரம் மடங்காமல் அடுக்கி வைத்திருப்பாள்.

“பிரிங்க அண்ணி.”

“இன்னும் நாலு மாசந்தானேம்மா...”

“இப்பவே பிரிங்க. நான் சொல்றேன்ல, பிரிங்க!”

பத்து நிமிடம் கழித்து கைபேசியில் மூன்று படங்கள் வந்தன. முதல் கடிதத்தின் மூலையில் குங்குமம் ஒட்டியிருந்தது. பிரமிளா அடுப்புத் திண்டில் சாய்ந்து நின்று படித்தாள். மலாயிலும் ஆங்கிலத்திலும் ஒரே செய்திதான். உங்கள் வாகனத்தின் டேஷ்போர்டுக்குப் பின்னால் செல்லும் மின்கம்பித் தொகுப்பில் குறை கண்டறியப்பட்டுள்ளது. இயந்திரம் நின்ற பிறகும் அதில் மின்சாரம் பாயலாம். விளக்குகள், காற்றாடி, கதவுப் பூட்டுகள், ஹார்ன் ஆகியவை தாமாக இயங்கலாம். சூடேறித் தீப்பிடிக்கலாம். பழுது நீக்கும்வரை வாகனத்தைக் கட்டடங்களுக்கு அருகில் நிறுத்த வேண்டாம். இரண்டாவது கடிதத்தில் ‘நினைவூட்டல்’ என்று இருந்தது. மூன்றாவதில் சிவப்பு எழுத்தில் ‘இறுதி அறிவிப்பு’. மூன்றும் ‘அன்புள்ள திரு. ஜெயராஜ்’ என்று ஆரம்பித்தன.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். முதலில் சிரிப்புதான் வந்தது. விளக்கு, காற்றாடி, பூட்டு, வெந்த பழம், எல்லாமே ஒரு கம்பி. மூன்று வாரமாக ஒரு கம்பிக்காகவா ஈரக்குலை நடுங்கிச் செத்தோம்? பிறகு அந்த ஒரு சொல்லில் அவள் கண் போய் நின்றது. ஹார்ன். தாமாக இயங்கலாம்.

அப்படியானால் அன்று காலையில்?

அவன் கூப்பிடவே இல்லையோ? உட்கார்ந்த மாத்திரத்தில் போய்விட்டானோ? ஹார்ன் தானாக அடித்ததோ? அவள் கொண்டை போட்ட பதினொரு நிமிடமும் அவன் யாருக்காகவும் காத்திருக்கவில்லையோ? எட்டு மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஒன்று இறங்கிப் போனது. முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு அழுதாள். சத்தம் வராமல், ஆசை தீர அழுதாள். வெளியே மசூதியில் தொழுகைக்கு அழைக்கிற குரல் மழையோடு கலந்து கேட்டது. ஆறுதலாக இருந்தது.

அந்தக் குரல் ஓய்ந்ததும் கீழே ஹார்ன் அடித்தது.

இரண்டு முறை சின்னதாக. ஒரு முறை நீளமாக.

பிரமிளா அசையவில்லை. அவள் கால் நுனிக்கு அருகில், பழைய பேப்பரின் மேல், பேட்டரி இருந்தது. அதன் இரண்டு ஈய முனைகளிலும் ஒன்றும் மாட்டியிருக்கவில்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு யாருடைய காராவது இருக்கும். வேறு யாருடைய காராவது.

மறுபடி அடித்தது. இரண்டு முறை. ஒரு முறை. நீண்டது. வழக்கத்தைவிட நீண்டது.

“துளசி?” என்றாள்.

டிவியில் யாரோ சிரித்தார்கள். கதவைத் திறந்து ஹாலுக்கு ஓடினாள். சோபாவில் போர்வை கிடந்தது. வாசற்கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. ஜெயராஜின் படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும் அவனுடைய சாவிக்கொத்து ஆணியில் இல்லை. கரண்டு போனால் எடுக்கவென்று அலமாரியில் வைத்திருக்கும் டார்ச்சும் இல்லை.

ராத்திரி ஆனா?

அப்பவும் எரியாது.

சமையலறை ஜன்னலுக்குப் போய்க் கீழே பார்த்தாள். மழைக்குள் அவளுடைய காரின் கண்ணாடி மட்டும் மஞ்சளாகத் தெரிந்தது. டார்ச் வெளிச்சம். அப்பாவுக்கு வெளிச்சம் கொண்டு போயிருக்கிறாள் பிள்ளை. உள்ளே அந்த வெளிச்சத்தில் ஏதோ வெள்ளையாகச் சுருண்டு சுருண்டு மேலே ஏறிக்கொண்டிருந்தது.

“துளசீ! எறங்குடி! வெளிய வா!”

மழை அந்தச் சத்தத்தை அப்படியே விழுங்கிவிட்டது. ஹார்ன் அடித்தது.

லிஃப்டுக்குக் காத்திருக்கவில்லை. படிகளில் ஓடினாள். இரண்டாம் மாடி. செருப்பு கழன்றது. முதல் மாடி. வழுக்கி முட்டி அடித்தது. எழுந்தாள். ஹபீபா பீவி வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டே ஓடினாள். தொழுகை நேரம். யாரும் திறக்கவில்லை.

மழையில் இறங்கினாள். கருகல் நெடி. அதற்கடியில் தைலம்.

கதவைப் பிடித்து இழுத்தாள். கைப்பிடி சுட்டது. விடாமல் இழுத்தாள். கைப்பையில் இருந்த அவளுடைய சாவி இப்போது கையில் இருந்தது. எப்போது எடுத்தாள் என்று தெரியவில்லை. துவாரத்தில் போட்டுத் திருகினாள். பூட்டு எழும்பியது. டக். உடனே விழுந்தது. மறுபடி திருகினாள். எழும்பியது. விழுந்தது. உள்ளேயிருந்து யாரோ ஒரு விரலால் அழுத்திவிடுகிற மாதிரி, நிதானமாக.

“வந்துட்டேன்! வந்துட்டேங்க! எறங்கி வந்துட்டேன்!”

யாரிடம் சொல்கிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை. கண்ணாடியில் இரண்டு கையாலும் அறைந்தாள். முகத்தை ஒட்டிவைத்துப் பார்த்தாள்.

டேஷ்போர்டின் இடுக்குகளிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. டார்ச் அதன் மேல் நிமிர்த்தி வைத்திருந்தது, எலுமிச்சம்பழம் இருந்த அதே இடத்தில். பக்கத்து இருக்கையில் துளசி. பெல்ட் போட்டிருந்தாள். கண் மூடியிருந்தது. பள்ளிக்குப் போகும்போது தூங்கிவிடுகிற மாதிரியே வாய் லேசாகத் திறந்திருந்தது.

ஓட்டுகிற இருக்கை கடைசிவரை பின்னால் போயிருந்தது.

அதில் யாரும் இல்லை. ஸ்டியரிங்கின் நடுவில் ஹார்ன் உள்ளே அமுங்கியிருந்தது. மேலே பெரிய பாரம் சாய்ந்திருப்பது போல் அமுங்கி, அமுங்கியபடியே இருந்தது. இந்த முறை நீளமான அந்தச் சத்தம் நிற்கவே இல்லை.

“வந்துட்டேங்க...”

துளசியின் தலை வலப்பக்கமாக, அந்தக் காலி இருக்கையின் பக்கமாகச் சாய்ந்தது. சாய்ந்துகொள்ள அங்கே எதுவும் இல்லை. பாதி வழியில், வெறும் புகையில், தலை எதன் மீதோ பட்டு நின்றது. அங்கேயே இருந்தது. அவள் நெற்றியில் விழுந்திருந்த முடியை ஏதோ ஒன்று மெல்லக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டது.